மைனிங் மெஷின் வாங்கும் முன் ஈபி அட்டையை எடுத்துப் பாருங்கள்

பிட்காயின் மைனிங், அதாவது மெஷினை ஓட்டிப் புது பிட்காயின் தோண்டி எடுக்கும் வேலை, தொடங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "எந்த மெஷின் வாங்கலாம்ணா?" என்பதுதான். வாங்கலாமா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை, அதை ஏற்கெனவே ஏதோ ஒரு வீடியோ முடிவு செய்துவிட்டிருக்கும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டை வைத்துக் காயின் தோண்டிய காலத்தில் நாங்களும் இப்படித்தான் குதித்தோம் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. வாலட்டின் (காயின் வைக்கும் டிஜிட்டல் பை) ரகசியச் சொற்களை யாருக்கும் தராதே, கடன் வாங்கி இறங்காதே மாதிரியான விஷயங்களை இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் மைனிங் பக்கமே வர வேண்டாம்.

கால்குலேட்டரில் தப்பான யூனிட் ரேட்டைப் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு தம்பி, செகண்ட் ஹேண்டில் ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற மைனிங் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டு மாடியில் ஓட்டினான். வாங்கும் முன் கணக்குப் போடாமல் இல்லை, போட்டான். வீட்டின் கடைசி பில் 300 யூனிட்டுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம். வகுத்தால் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு சுமாருக்கு வருகிறது, அதை மைனிங் லாபம் காட்டும் ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டான். பச்சை நிறத்தில் லாபம் காட்டியது. அவ்வளவுதான், பணத்தை அனுப்பிவிட்டான்.

அந்த மெஷின் 3,250 வாட் இழுக்கும். நிற்காமல் ஓடினால் நாளுக்கு 78 யூனிட், ஒரு பில் காலமான இரண்டு மாதத்துக்கு 4,680 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கணக்குப் போடும்போது மட்டும் மறந்து போகும். 500 யூனிட்டைத் தாண்டினாலே கீழ்ப்படியில் கிடைத்த மலிவு ரேட்டும் போய்விடும், ஆயிரத்தைத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் கீழ்ப்படிகளைச் சாப்பிட்டு முடித்த பிறகு மெஷின் தின்பது பெரும்பாலும் உச்சப்படி யூனிட்டைத்தான். ஆகவே நீங்கள் போட வேண்டியது பழைய பில்லின் சராசரி இல்லை. மெஷின் இருந்தால் பில் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு, அந்த வித்தியாசம்தான் மெஷினின் செலவு.

சரி, எண்களைப் போட்டே பார்ப்போம். உலகம் முழுக்க பிட்காயின் மெஷின்களின் மொத்த வேகம் 900 எக்ஸாஹாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள் (2025இல் அதையும் தாண்டிப் போனது). ஹாஷ் என்பது மெஷின் போடும் ஒரு கணக்கு முயற்சி, ஒரு எக்ஸாஹாஷ் என்றால் பத்து லட்சம் டெராஹாஷ். நாளுக்குப் புதிதாக வருவது சுமார் 450 காயின். தம்பியின் 110 டெராஹாஷ் மெஷினின் பங்கு இரண்டு மாதத்துக்கு 0.0033 காயின். ஒரு காயின் 80 லட்சம் என்று எடுத்தால் வரவு 26,000 சொச்சம். தம்பியின் 2.35 ரூபாய் கணக்கில் கரண்ட் செலவு 11,000, ஆக லாபம் 15,000. நிஜத்தில் வீட்டுப் பயன்பாட்டோடு சேர்த்து 4,980 யூனிட்டுக்கு பில் 52,000 ரூபாயைத் தாண்டும். அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 25,000 ரூபாய் கைநஷ்டம், மெஷின் விலையைச் சேர்க்காமலே.

இதில் இன்னொரு வில்லங்கம். பூல் (பல மைனர்கள் சேர்ந்து தோண்டி வரவைப் பங்கிடும் குழு) கணக்கில் வரவு தினமும் ஏறுவதைப் பார்க்கலாம், பல் தேய்க்கும் முன்பே ஃபோனில் பார்த்துவிடுவார்கள். செலவைக் காட்ட எந்த ஆப்பும் கிடையாது, அது இரண்டு மாதம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும். தம்பி வீட்டுக்கு ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, அவன் அம்மாவிடம் "வீட்டுல தறி ஏதும் ஓட்டறீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை பையன் நண்பர்கள் இருவரிடம் தன் வரவு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, அவர்களையும் மெஷின் தேட வைத்திருந்தான்.

"புது மெஷின் என்றால் தேறும்" என்பார்கள். அதே ஆன்ட்மைனரின் புது மாடல் எஸ்21 நிச்சயம் சிக்கனமான மெஷின்தான், 3,500 வாட்டில் 200 டெராஹாஷ். அதே கணக்கில் இரண்டு மாத வரவு 48,000, பில் 56,000க்கு மேல். நஷ்டம் குறைகிறது, நஷ்டமாகவே இருக்கிறது. எஸ்19 ப்ரோவுக்குக் கரண்ட் காசாவது தேற வேண்டுமென்றால் காயின் விலை ஒன்றரைக் கோடியைத் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டினால் உலகம் முழுக்கக் கிடப்பில் கிடக்கும் மெஷின்கள் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பிக்கும், உங்கள் பங்கு சுருங்கும்.

அப்புறம், யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு ஒன்று. மெஷின் தின்ற கரண்டுக்குக் கட்டிய ஐம்பது சொச்சம் ஆயிரத்துக்கு நேராக பிட்காயினே வாங்கியிருந்தால், தோண்டி எடுத்ததைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கையில் இருந்திருக்கும். விலை ஏறும் என்று அவ்வளவு நம்பிக்கை இருந்தால் நடுவில் மெஷின் எதற்கு?

இன்றைய வரவை 365ஆல் பெருக்குவது

பிட்காயின் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புதான் பிளாக், அதை முடிக்கும் மைனருக்குப் பரிசாகப் புது காயின் கிடைக்கும். 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பிளாக்கை முடிப்பதன் கடினம் மாறும். கால்குலேட்டர் இன்றைய கடினத்தை வைத்துத்தான் சொல்கிறது. போதாததற்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிளாக் பரிசு பாதியாகும். 2024 ஏப்ரலில் 6.25 காயினிலிருந்து 3.125 ஆனது. அதற்கு முந்தைய மாதம் "பத்து மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று கணக்குப் போட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பரிசு பாதியாகும் என்பது ரகசியம் இல்லை, முதல் நாளிலிருந்தே மென்பொருளில் எழுதப்பட்டிருப்பது.

கிராபிக்ஸ் கார்டு

கிராபிக்ஸ் கார்டில் பலரும் தோண்டிய காயின் எத்திரியம், 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங்கை மூடியது. கேம் ஆட வாங்குங்கள்.

வீட்டு வயரிங்கை நம்புவது

3,250 வாட் என்றால் 230 வோல்ட்டில் 14 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் தாங்குமே என்று தோன்றும். கெய்சர் கால் மணி நேரம் ஓடி நிற்கும், மைனர் நிற்காது. பழைய சாக்கெட் முதலில் பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் வாடை வரும். தனி லைன், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டவே கூடாது. இழுக்கிற 3,250 வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும், ஏசி போட்டால் அதற்கும் யூனிட். சத்தம் 75 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் நாளே வருவார். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதாக மின்வாரியம் முடிவு செய்தால் அதற்கு அபராதம் தனி.

"சோலார் போட்டால் கரண்ட் சும்மாதானே?"

சும்மா இல்லை. நாளுக்கு 78 யூனிட் வேண்டுமென்றால் நம் வெயிலுக்கு ஏறக்குறைய 20 கிலோவாட் பேனல் வேண்டும், அதுவும் பகலில் மட்டும். அவ்வளவு முதலீட்டில் வரும் கரண்டை இதில் எரிப்பதுதான் சிறந்த வழியா என்று ஒருமுறை யோசியுங்கள். பூட்டான் அரசு நிறுவனமே மைனிங் செய்கிறது, ஆனால் அங்கே மழைக்காலத்தில் மிஞ்சுகிற நீர்மின்சாரம் இருக்கிறது. உங்கள் மாடியில் இல்லை.

கிளவுட் மைனிங்

பணம் கட்டுங்கள், மெஷினை நாங்களே ஓட்டுகிறோம், வரவு உங்களுக்கு என்பார்கள். மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்ன கெயின்பிட்காயின் என்ற திட்டமும் இதே பேச்சுதான் பேசியது. அதன் நிறுவனர் 2018இல் கைதானார், வழக்கு பிறகு சிபிஐ வரை போனது.

ஃபோன் ஆப்

ஃபோனிலேயே மைனிங் செய்யலாம் என்று வரும் ஆப்பில் நடப்பது மைனிங்கே இல்லை.

குட்டி யூஎஸ்பி மைனர்

ஒரு டெராஹாஷ் மெஷினைத் தனியாக ஓட்டினால் சராசரியாக 17,000 வருடத்துக்கு ஒரு பிளாக். மேஜையில் வைத்து அழகு பார்க்கலாம், கரண்டும் அதிகம் தின்னாது. எனக்கே ஒன்று வாங்கும் ஆசை இருக்கிறது.

வரியை மறப்பது

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். கழித்துக்கொள்ள அனுமதி வாங்கிய விலைக்கு மட்டும்தான். மைனிங்குக்கு ஆகும் கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையில் சேராது என்று நிதி அமைச்சகம் அதே வருடம் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. அதாவது கரண்ட் பில்லோடு சேர்த்துப் பார்த்தால் நஷ்டத்தில் நிற்பவரும் விற்கும்போது வரி கட்ட வேண்டி வரும். ஏற்கெனவே மெஷின் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், காயின் கைக்கு வந்த தேதியையும் அன்றைய ரூபாய் விலையையும் ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். பூல் மாற்றினால் பழைய கணக்கு கிடைக்காமல் போகலாம், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.