கடலூர், புதுச்சேரி வருவோர் தென்வானம் பார்க்க: நாள், இடம், கருவி

பாரிஸ், லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது வானம் பார்க்க ஆசைப்பட்டால், முதல் கேள்வி "நல்ல இருட்டான இடம் எது?" என்பதாகத்தான் இருக்கும். வெறும் இருட்டுதான் வேண்டுமென்றால் டொராண்டோவிலிருந்து வடக்கே சில மணி நேரம் வண்டி ஓட்டிப் போனாலே நம் கடற்கரையைவிட நல்ல இருட்டு கிடைத்துவிடும். அங்கே எவ்வளவு தூரம் போனாலும் கிடைக்காதது தெற்கு வானம். அதற்காகத்தான் இங்கே ஓர் இரவை ஒதுக்க வேண்டும்.

கடலூர் 11°45′ வடக்கில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 12 பாகைதான் எழும்பி நிற்கும். பனை மரம் மறைத்தாலே காணாமல் போகும். அதற்கு ஈடாகத் தெற்கு திறந்துகொள்கிறது. அகத்திய நட்சத்திரம் 25 பாகை, தென்சிலுவை 18 பாகை, ஆல்ஃபா சென்டாரி 17 பாகை, ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 30 பாகை உயரம் வரை வரும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. தென்சிலுவைக்கு இரண்டு முட்டி உயரம் போதும். இந்த நான்கும் மேலே சொன்ன மூன்று ஊர்களிலும் உதிப்பதே இல்லை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவோருக்கு இவை பழகிய காட்சி. அவர்கள் இருட்டை மட்டும் தேடினால் போதும்.

இடத்தைவிட நாளை முதலில் முடிவு செய்யுங்கள். விமான டிக்கெட் எடுக்கும்போதே தினசரி நாட்காட்டியில் அமாவாசை எந்தத் தேதி என்று பாருங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். நாம் ஊருக்கு வரும் விழாக்களில் பல, பௌர்ணமியை ஒட்டியவை: திருக்கார்த்திகை, சிதம்பரம் ஆருத்ரா தரிசனம், வடலூர் தைப்பூசம், தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சாமிகள் கடலுக்கு வரும் மாசி மகம். அன்றைக்கு நிலவு அந்தந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பது அழகுதான். பால்வீதி மட்டும் தெரியாது. தைப்பூசத்துக்கு வருபவர்கள் பயணத்தை ஒரு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள். பௌர்ணமி கழிந்தபின் நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். ஐந்தாம் நாள் இரவு பத்து மணி தாண்டித்தான் வரும். ஏழேகாலுக்கு முழு இருட்டு வந்துவிடுவதால் அதற்குள் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. ஆக, மாலைப் பார்வைக்கு அமாவாசைக்கு முந்தைய பத்து நாளும் பிந்தைய மூன்று நாளும் உங்களுடையவை.

பருவத்தில் பொங்கலிலிருந்து ஏப்ரல் வரை சிறந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருபவர்கள் வானத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். போகிப் புகை, அறுவடைக்குப் பின் கொளுத்தும் கரும்புச் சோகைப் புகை இரண்டும் அடிவானத்தைக் கெடுக்கும். தெற்கு வானம் முழுதும் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் இது சின்ன விஷயமில்லை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு வருவோருக்கு மாலையில் இடிமழை மேகம் வரும். நள்ளிரவுக்குமுன் விலகும் இரவுகளும் உண்டு. அப்போது பார்க்க வேண்டியது விருச்சிகமும் தனுசும். கேட்டை நட்சத்திரம் 52 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அடிவானத்தோடு உரசும் தேளின் கொடுக்கு இங்கே 40 பாகைக்கு வரும். பால்வீதியின் தடித்த நடுப்பகுதி அங்கேயே இருக்கிறது.

எந்த மாதமானாலும் ஒரே ஓர் இரவை நம்பி வராதீர்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலாளர் கியோம் லெ ஜென்தீக்கு, 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் கப்பலில் இருந்தபடியே பார்க்க நேர்ந்தது. ஆடும் தளத்தில் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து, புதுச்சேரியிலேயே வானாய்வகம் அமைத்துக்கொண்டு நின்றார். 1769 ஜூன் 4 காலை, கடப்பு நடந்த நேரம் முழுவதும் மேகம் மூடியிருந்தது. வெள்ளி கடப்புக்கு மாற்று நாள் கிடையாது. உங்களுக்கு உண்டு, அடுத்தடுத்து மூன்று இரவுகளை ஒதுக்கி வையுங்கள்.

தென்சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்கும் நேரம் ஜனவரி நடுவில் விடியற்காலை ஐந்து மணி. பிறகு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும்: பிப்ரவரி நடுவில் மூன்று, மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் இரவு பதினொன்று, மே மாதம் ஒன்பது. ஜனவரியில் ஐந்தேகாலுக்கே கிழக்கு வெளுக்கத் தொடங்கும், அதனால் நாலு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். நேர மாற்றத்தால் வரும் தூக்கக் கோளாறு இதற்கு உதவும். டொராண்டோவிலிருந்து வந்தவர்களின் உடலுக்கு விடியற்காலை மூன்று மணி என்பது முந்தைய நாள் மாலை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு இரவு இரண்டு மணி வரை தூக்கமே வராது. வந்த முதல் வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சிலுவையைத் தேடும்போது நடக்கும் தவறு ஒன்று. அதற்குச் சுமார் மூன்றரை மணி நேரம் முன்னதாகவே அதே தெற்கில் இன்னொரு நாலு நட்சத்திரச் சிலுவை வரும், அது பொய்ச்சிலுவை. அது பெரியது, மங்கலானது. உண்மையான சிலுவை சிறியது, பளிச்சென்றது. அதன் இடப்பக்கம், அதாவது கிழக்கே, ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி என இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அதையே சுட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது சிலுவை இல்லை. சிலுவை உச்சிக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து அதற்கு மேலே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். கண்ணுக்குக் கலங்கிய நட்சத்திரமாகவும், பைனாகுலரில் உருண்டைப் பஞ்சாகவும் தெரியும்.

இடம் தேர்வதற்கு ஒரு விதி: ஊர் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால், வடக்கே இருக்க வேண்டும். மரக்காணம் உப்பளப் பக்கம் வெட்டவெளி பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அங்கிருந்து தெற்கே பார்த்தால் புதுச்சேரியின் ஒளிமூட்டம் சிலுவைக்கு அடியிலேயே நிற்கும். பக்கத்தில் உள்ள கழுவேலி 2021 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் இரவில் நினைத்தபடி நுழையவும் முடியாது. கடலூரிலிருந்து தெற்கே போவதே நல்லது. சிப்காட் தொழிற்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து அனல்மின் நிலையம் இரண்டின் விளக்குகளையும் தாண்டி கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் தெற்கே அலையாத்திக் காடும் கொள்ளிட முகத்துவாரமும்தான். காட்டுக்குள் போகாதீர்கள்; ஊர்க்காரர்களிடம் கேட்டு ஒரு திடலில் நில்லுங்கள். உள்நாட்டில் என்றால் வீராணம் ஏரிக்கரை. நெய்வேலி வெளிச்சம் வடக்கே போய்விடும். தை, மாசியில் விடியற்காலைப் பனிமூட்டம் ஏரியிலிருந்து எழும்பும், ஆகவே வீராணத்தை முன்னிரவுக்கு வைத்துக்கொண்டு விடியலுக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக் கடற்கரை, புதுச்சேரி கடற்கரைச் சாலை இரண்டும் குழந்தைகளுக்கு நிலவும் வியாழனும் காட்ட மட்டும் போதும்.

துணைக்கு உள்ளூர் ஆட்கள் வேண்டும். புதுவை அறிவியல் இயக்கம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கடலூர் மாவட்டத் தோழர்கள், லாஸ்பேட்டையில் கோளரங்கத்தோடு இருக்கும் அப்துல் கலாம் அறிவியல் மையம் என்று விசாரிக்கத் தொடங்குங்கள். பொதுவான வான்நோக்கு நிகழ்ச்சி மாணவர்களுக்கானது. பள்ளித் திடலில் வரிசையில் நின்று நிலவையும் சனியையும் பார்ப்பது. "அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போகிறீர்களா, நாங்களும் சேரலாமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். எப்போது திரும்புவார்கள், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, வண்டிச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் காசு கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே முதலில் எடுத்துச் சொல்வதுதான் மரியாதை.

கருவிக்கு 10×50 (பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும். தொலைநோக்கி தூக்கி வர நினைப்பவர்கள் கவனிக்க: துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டிய ஈக்வடோரியல் மவுண்ட் (தாங்கி) பலவற்றை 12 பாகை அட்சத்துக்குத் தாழ்த்த முடியாது, தாழ்த்தினாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமும் புழுதியில் மங்கிவிடும். மேல்கீழ், பக்கவாட்டு அசைவு மட்டும் உள்ள எளிய மவுண்டே இங்கே சரி. தானாகத் தேடும் கருவியில் நேர மண்டலத்தை +5:30 என்று மாற்றி, கோடைக்கால நேரத்தை அணைத்துவிடுங்கள். அரை மணி பிசகினால் 7.5 பாகை, ஒரு மணி பிசகினால் 15 பாகை தள்ளிப்போய் நிற்கும். ஐரோப்பாவில் வாங்கிய சுழல் வான்வரைபடத்தில் தென்சிலுவையே இருக்காது. ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் இடத்தைக் கடலூர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் விட்டுவர வேண்டியவை இரண்டு. சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவிகளை முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் வழக்காகும். பச்சை லேசர் விமானிகளின் கண்ணைப் பறிக்கும்.

வாடகைக் காரில் போனால் ஓட்டுநரிடம் இரவுப் பேட்டா, சாப்பாடு இரண்டையும் முன்பே பேசுங்கள். இருட்டுவதற்குள் போய், வண்டியைத் திருப்பி நிறுத்தி, கதவு திறந்தால் எரியும் உள்விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு ஹெட்லைட் அதை நொடியில் கெடுத்துவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள். நடக்கும்போது மட்டும் வெள்ளை விளக்கு, காலில் மூடிய செருப்போ ஷூவோ: வரப்பிலும் கரையிலும் பாம்பு உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். விளக்கும் தீயும் அவற்றையும் குஞ்சுகளையும் திசை திருப்பிவிடும். கடலோரக் காவல்படையினர் வந்து கேட்டால் காட்ட பாஸ்போர்ட் அல்லது ஓசிஐ அட்டையின் நகல் கையில் இருக்கட்டும். போகும் மீனவ ஊரில் பெரியவர் ஒருவரிடம் மாலையிலேயே சொல்லிவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஏசி அறையிலிருந்து எடுத்த கண்ணாடி வெளிக்காற்றில் உடனே வேர்க்கும். பையைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வேர்த்ததைத் துடைக்காதீர்கள், தானாக உலரட்டும். கொசு மருந்தைக் கையில் பூசினால் கழுவிவிட்டுத் தொடுங்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்தவை பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மணலில் முக்காலி புதையும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகைத் துண்டு வையுங்கள். திரும்பி வந்ததும் லென்சில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் காற்று ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.