போஜோலேயை வெந்நீராக்காதீர்கள்

இந்தக் கோடைக்கு எங்கள் உணவகத்தில் இரண்டு புதுப் பையன்கள் பரிமாறச் சேர்ந்திருக்கிறார்கள். பிரான்ஸின் லியோன் நகரில் பூஷோன் என்பார்களே, அந்தப் பழைய பாணிக் கடை. வந்த புதிதில் நான் அடித்த கூத்துகளை ஒன்று விடாமல் அவர்களும் அடிக்கிறார்கள். தக்கையை உடைப்பது, மேசை விரிப்பில் சிந்துவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். அதை விடுங்கள். லியோனுக்குப் பக்கத்தில் விளையும் போஜோலே என்ற சிவப்பு ஒயினைப் பரிமாறுவதில் செய்யும் தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

சிவப்பு என்றால் அறை வெப்பம்

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அறை வெப்பமாம். எந்த அறை? அந்தப் பேச்சு கிளம்பிய காலத்தில் பிரெஞ்சு வீடுகளில் ஹீட்டர் கிடையாது. நிலவறைப் புட்டியைக் கொண்டுவந்து, 16, 17 டிகிரி இருக்கும் கூடத்தில் சற்று நேரம் வைப்பார்கள். ஜூலை மாதத்து லியோனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

என் முதல் கோடையில் ஆறு பேர் வந்து, போஜோலேயில் ஒரு வகையான மோர்கோன் கேட்டார்கள். அடுப்படியை ஒட்டிய அலமாரியிலிருந்து இரண்டு புட்டி எடுத்துப் பெருமையாக ஊற்றினேன். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நாங்கள் சூப் கேட்கவில்லையே" என்றார். இரண்டும் திரும்பி வந்தன. முதலாளியம்மா மிச்சத்தில் ஒன்றைத் திறந்து முகர்ந்தார். பல வாரம் சூட்டில் கிடந்து பழ வாசனை வெந்து போயிருந்தது. அலமாரியில் அடுக்கியதும் நான்தான். பன்னிரண்டு புட்டியும் சேவல் குழம்புக்குப் போயின.

போஜோலே என்றால் கமே திராட்சை. துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். பழத்தை நசுக்காமல் கொத்தோடு தொட்டியில் போட்டு நொதிக்க விடுவதால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காது. செர்ரி, ராஸ்பெர்ரி வாசனைதான் முன்னே நிற்கும். சூடேறினால் சாராய நெடி முந்திக்கொள்ளும், புளிப்பு மழுங்கும். துவர்ப்பு மிகுந்த போர்தோ ஒயினைக் குளிர வைத்தால் வாய் வறண்டு இழுக்கும். கமேக்கு அந்தப் பயம் இல்லை. 12 முதல் 14 டிகிரியில் கொடுங்கள், மோர்கோன் மாதிரி கனமானதென்றால் ஒரு டிகிரி கூட.

வாளியில் வெறும் ஐஸைக் கொட்டாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடம் போதும். அரை மணி மறந்துவிட்டால் வாசனையே எழும்பாது. அதையும் செய்திருக்கிறேன்.

நுவோவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் போஜோலே நுவோ, அறுவடையாகிச் சில வாரங்களே ஆன ஒயின். அதைக் குடித்துவிட்டு, போஜோலே என்றாலே வாழைப்பழ வாசனை என்று முடிவுகட்டுகிறார்கள். மோர்கோன், ஃப்ளரி, ஜூலியேனா என்று தனிப்பெயரில் வரும் பத்து வகை இருக்கிறது. அதில் ஒன்றான மூலான்-ஆ-வான், நல்ல ஆண்டினது என்றால், பத்து வருடம்கூடத் தாங்கும்.

நுவோவைச் சேர்த்து வைப்பது

வேண்டாம். குடித்துத் தீருங்கள்.

சிவப்பு ஒயினுக்குச் சிவப்பு இறைச்சி

மிளகு சாஸ் ஊற்றிய மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் ஃப்ளரியை வைத்தால் ஒயின் இருந்த இடமே தெரியாது. இதற்கு ஜோடி பன்றிதான். உலர்த்திய ரோஸெத் தொத்திறைச்சியின் கொழுப்பைக் கமேயின் புளிப்பு வெட்டிவிடும், அடுத்த துண்டுக்கு வாய் தயார். ஓவனில் சுட்ட கோழிக்கும் நன்றாகப் போகும். அப்புறம் செர்வெல் த கனு. பெயருக்குப் பொருள் பட்டு நெசவாளர் மூளை. பயப்பட வேண்டாம், பூண்டும் பச்சிலையும் அடித்துக் கலந்த வெண்ணிறப் பாலாடைக் கட்டிதான் அது. பழைய லியோன் நெசவாளர்களின் சாப்பாடு.

ரோக்ஃபோரோடு

நீலப் பூஞ்சை பூத்த அந்தப் பாலாடைக் கட்டியோடு கூடாது. மென்மையான சான்-மார்செலான் கட்டியைக் கொடுங்கள்.