ஜவ்வு விலகலா? காலை நீட்டி இழுக்காதீர்கள்

இடுப்பில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கிக் கால்வரை வலி இறங்கியவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே 6 முதல் 12 வாரத்தில் தேறிவிடுகிறார்கள். டிஸ்க் 'விலகல்' என்கிறோமே தவிர, எதுவும் வழுக்கி இடம் மாறுவதில்லை. வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. அதை வெள்ளணுக்கள் மெல்ல அரித்துத் தின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், பெரிதாகப் பிதுங்கியதுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகிறது.

குனிந்து கால்விரலைத் தொடுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பின்தொடை 'பிடித்து இழுக்குது' என்றதும் தசை இறுக்கம் என்று முடிவுகட்டி, துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கிறார்கள். அங்கே இழுபடுவது தசையல்ல, ஏற்கெனவே வீங்கிய நரம்பு. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் மருத்துவர் காலைத் தூக்கிப் பார்ப்பது அந்த நரம்பைச் சீண்டி நோயைக் கண்டுபிடிக்கத்தான். அதையே தினம் 20 தடவை சிகிச்சையாகச் செய்தால் எப்படி ஆறும்? போதாக்குறைக்கு, குனியும்போது ஜவ்வின் முன்பக்கம் அழுந்திக் கூழ் பின்னால், நரம்பை நோக்கித் தள்ளப்படுகிறது. இழுத்தவுடன் சற்று இதமாக இருக்கும், ஏமாறுவது அங்கேதான். மறுநாள் காலை வலி கெண்டைக்காலுக்கு இறங்கியிருக்கும். சூரிய நமஸ்காரத்தில் பாதம் தொடும் நிலையும் இதில் சேர்த்தி.

எழுந்த முதல் ஒரு மணி நேரம் இன்னும் மோசம். இரவில் ஜவ்வு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது இரண்டும் கூடாது.

மாற்றாக, நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியின் முறை பலருக்குப் பலன் தருகிறது. குப்புற 2 நிமிடம் படுங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி 2 நிமிடம். அது பொறுத்தால், இடுப்பு தரையிலிருக்க, உள்ளங்கையை ஊன்றி மார்பை 10 முறை உயர்த்துங்கள். 2, 3 மணிக்கொரு முறை போதும். வலி காலைவிட்டுப் புட்டத்துக்கு ஏறினால் நல்ல அறிகுறி, இடுப்பு கூடுதலாக வலித்தாலும் சரி. கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

படுத்தே கிடப்பது

இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக நடங்கள்.

ஸ்கேனைப் பார்த்து மிரள்வது

வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் பிதுக்கம் தெரியும்.

எதற்கும் பொறுத்துப் பார்ப்பது

சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்றிரவே மருத்துவமனை.