புதிய அறிவியல் பாடத்துக்கு வந்த துணைக்கருவிகள்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு 2018-லும் பத்தாம் வகுப்புக்கு 2019-லும் புதிய அறிவியல் பாடநூல் வந்தது. கூடவே க்யூஆர் கோடு, காணொளி, இணையச் செயல்பாடு என்று நிறைய வந்தன. அப்புறம் கல்வித் தொலைக்காட்சி, பாடக் காணொளிகள் உள்ள மணற்கேணி செயலி. எல்லாமே பயன்படக்கூடியவைதான். ஆனால் இவை மாநிலம் முழுவதற்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. சேலத்திலோ ஏற்காட்டிலோ பாடம் எடுப்பவர் தன் ஊரோடு சேர்த்துப் பார்க்காமல் அப்படியே போட்டுக் காட்டினால் சிக்கல் வரும்.

பெரிய தவறு, பிள்ளை அளந்த அளவை விட்டுவிட்டுத் திரையில் வந்த அளவை எழுதச் சொல்வது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று காணொளி சொல்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. இது தெரியாமல் “தெர்மாமீட்டர் சரியில்லை, 100 என்றே எழுது” என்று சொன்னால், கண்ணால் பார்த்ததை நம்பாதே என்று கற்றுக்கொடுத்தது போலாகும். அறிவியல் வகுப்பில் இதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை. கருவி மேல் சந்தேகம் வந்தால் அதையும் பிள்ளைகளே சோதிக்கட்டும். பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரை அதில் வைக்க வேண்டும். சுழியம் காட்டினால் அந்த இடத்திலாவது கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கீழே ஒரு பள்ளி, மேலே ஒரு பள்ளி, ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால் எந்தக் காணொளியும் தராத பாடம் கிடைக்கும். ஆய்வகத் தெர்மாமீட்டரையே எடுங்கள். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரி வரைதான் தாங்கும், உடைந்துவிடும்.

உள்ளூர்ப் பொருளைச் செய்து பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோவது அடுத்தது. சேலத்தில் கருப்பூர், மாமாங்கம் பக்கம் கிடைக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், ஒரு கார்பனேட். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வரும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். சரி, வெள்ளைக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பொங்கும் என்று நினைப்போம். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் கட்டி குளிர்ந்த அமிலத்தில் பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போது இப்படி ஆனால் ஆசிரியர் தடுமாறிப் போவார். கல்லை நன்றாகப் பொடித்து, அமிலத்தை இளஞ்சூடாக்கினால் குமிழ்கள் வரும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, ஆசிரியரே செய்துகாட்ட வேண்டிய சோதனை இது. இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால், எல்லாக் கார்பனேட்டும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை என்பதையும் காட்டிவிடலாம்.

சேலத்துக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் கிடக்கும் கருமணலையும் இப்படியே பயன்படுத்தலாம். அந்த மலையின் இரும்புத்தாது மேக்னடைட், காந்தத்தில் ஒட்டும். காந்தத்தைப் பாலிதீன் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒட்டிய துகளை எடுப்பது பெரிய பாடு.

கணினி உருவகப்படுத்தலை முதலில் காட்டிவிட்டு, பிறகு கையால் செய்யச் சொல்வதும் பரவலாக நடக்கிறது. திரையில் மின்சுற்று எப்போதும் ஒழுங்காக இருக்கும். கம்பிக்குத் தடையே இருக்காது, பேட்டரி தீராது. மேசை மேல் கம்பி முனை கறுத்திருக்கும், பல்பு எரியாது, பிள்ளை மனம் விட்டுப்போவான். அதனால் முதலில் கையால் செய்து குழம்பட்டும், பிறகு திரைக்குப் போகலாம். மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும், வரைபடம் நேர்கோடாக வரும் என்பது ஓமின் விதி. அதற்கு டார்ச் பல்பை வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். சூடாகச் சூடாக அதன் இழையின் மின்தடை கூடும், வரைபடம் வளையும், விதியே பொய்யோ என்று பிள்ளைக்குத் தோன்றும். சாதாரண ரெசிஸ்டர் போதும். விதி புரிந்த பிறகு அதே பல்பைக் கொடுத்து, கோடு ஏன் வளைகிறது என்று கேட்கலாம்.

மலைக் கிராமப் பள்ளிகளில் சிக்னலை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். வேண்டிய காணொளியை முந்தின நாளே இறக்கி வைத்து, முழுதாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தேர்வில் மட்டும் பழைய நோட்ஸ் கேள்வியையே கேட்டால், பிள்ளைகள் சோதனையை விட்டுவிட்டு நோட்ஸுக்கே போவார்கள். “நீரின் கொதிநிலை என்ன?” என்பதற்குப் பதில் “ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் கூடுதல் நேரம் ஆகிறது, குக்கரில் வைத்தால் ஏன் சீக்கிரம் வேகிறது?” என்று கேளுங்கள். அழுத்தத்தையும் கொதிநிலையையும் சேர்த்துத் தன் சொந்த நடையில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால், புத்தக வரி இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.