டின்னை எறிந்துவிட்டீர்களா? குழந்தைப் பால்மாவில் நாம் விடுகிற பிழைகள்

வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சாள் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு போன் எடுத்தார். வெளிநாட்டில் ஏதோ குழந்தைப் பால்மாவைக் கடைகளிலிருந்து மீளப் பெறுகிறார்களாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம், அவருடைய மகள் குடிப்பதும் அதே பெயர்தானாம். "டின்னுக்கு அடியில ஒரு இலக்கம் இருக்கும், வாசியுங்கோ மச்சாள்" என்றேன். "டின்னா? மாவை ஹோர்லிக்ஸ் போத்தலில கொட்டிப்போட்டு டின்னை அப்பவே எறிஞ்சிட்டனே!"

அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த மா நல்லதா கெட்டதா என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்றைக்குப் பால்மா விற்கிற விலையில், முக்கால் போத்தல் மா குப்பைக்குப் போனது.

இதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் பிழை. பால்மா மீளப் பெறப்படுவது பெரும்பாலும் தொகுதி இலக்கத்தை வைத்துத்தான். ஒரு தொழிற்சாலையில் குறிப்பிட்ட நாட்களில் செய்த மாவில்தான் சிக்கல் இருக்கும். அந்த இலக்கம் பெரும்பாலும் டின்னின் அடியில், காலாவதித் திகதிக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். மட்டைப்பெட்டி என்றால் பெட்டியிலும் உள்ளே இருக்கும் பையிலும் பாருங்கள். மா முடியும்வரை டின் வீட்டில் இருக்கட்டும். திறந்த அன்றே அடிப்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வேறு போத்தலில் கொட்டினால் ஈரமும் சேரும், கிருமியும் சேரும்.

அடுத்தது, பெயரைப் பார்த்துப் பயப்படுவது. 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் அபொட் நிறுவனம் சிமிலாக் உள்ளிட்ட பால்மாக்களை மீளப் பெற்றது. அறிவிப்பில் இருந்தது மிச்சிகன் மாநிலத்து ஸ்டர்ஜிஸ் தொழிற்சாலையில் செய்த மா மட்டும்தான். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் 22 முதல் 37 வரை இருக்க வேண்டும், கே8, எஸ்எச், இசட்2 ஆகியவற்றில் ஒன்றும் அதில் இருக்க வேண்டும், காலாவதித் திகதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் அந்த டின் சிக்கலானது. நமக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியில் இதில் ஒன்றும் இருக்காது. ஒரு டின்னின் படமும் நாலு சிவப்பு ஆச்சரியக்குறியும் இருக்கும். தாய்ப்பாலுக்கு மாற்றான மாவை விளம்பரம் செய்ய இலங்கையில் தடை இருக்கிறது. நல்ல தடைதான். ஆனால் மாவைப் பற்றிய கதையெல்லாம் பக்கத்து வீட்டு வாய்வழியாகவே வந்து சேர்கிறது.

2013 ஓகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனத்தின் மோர்ப் புரதத்தில், பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமி இருக்கலாம் என்று உலகமே அலறியது. பிறகு சோதித்ததில் அது அந்தக் கிருமியே இல்லை. அதே நாட்களில் இங்கே அந்த நிறுவனத்துப் பால்மாவில் டி.சி.டி. என்ற இரசாயனம் இருப்பதாகப் பிரச்சினை எழுந்து விற்பனை நின்றது. இரண்டும் வேறு வேறு விடயங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கதையாகத்தான் ஓடியது.

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு பிழை உண்டு: சூட்கேஸில் வந்த டின். லண்டன் சித்தி, டொராண்டோ அண்ணன், டோகா மாமா என்று யாராவது கொண்டு வந்திருப்பார்கள். அது இங்குள்ள முகவர் இறக்குமதி செய்த மா இல்லை, ஆகவே இங்கே வரும் அறிவிப்பில் அதன் இலக்கம் இருக்காது. வாங்கிய நாட்டின் உணவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தைத்தான் பார்க்க வேண்டும். கொண்டு வந்தவரிடமே பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு மொழியும் கடையும் தெரியும்.

"நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுத்தாச் சரி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிருமி எல்லாவற்றுக்கும் அது பதில் இல்லை. 2026 ஜனவரியில் நெஸ்லே பல நாடுகளில் குழந்தைப் பால்மாவை மீளப் பெற்றது செரியுலைட் என்ற நஞ்சு காரணமாக. ஒரு கிருமி முன்பே உண்டாக்கிவிட்டுப் போகும் நஞ்சு அது, கொதிநீரில் அழியாது. இலக்கம் பொருந்திய மாவை எப்படிக் கரைத்தும் கொடுக்கக் கூடாது.

ஆனால் நல்ல மாவுக்குச் சூடு தேவை. பால்மா டின்னுக்குள் கிருமியே இல்லை என்று நினைக்க வேண்டாம், அது கிருமி நீக்கிய பொருள் இல்லை. குரோனோபக்டர் போன்ற கிருமி சிறிதளவு இருந்தாலும் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது. கொதிக்க வைத்து அரை மணித்தியாலத்துக்குள் மாவைக் கரைத்து, போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். காலையில் பிளாஸ்கில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் அந்தச் சூட்டில் இருக்கும் என்று நம்ப முடியாது. கரைத்த பால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். குழந்தை குடித்து மிச்சம் விட்டதை ஊற்றிவிடுங்கள், கொழும்பு வெக்கைக்கு அது தாங்காது.

சரி, டின்னை நிறுத்தியாயிற்று, குழந்தை அழுகிறது. அப்புறம்தான் பெரிய பிழைகள் நடக்கும். டின்பால், பெரியவர்களின் பால்மா, கஞ்சித்தண்ணி எதுவும் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மாவின் இடத்தை நிரப்பாது. மா பற்றாது என்று தண்ணீரைக் கூட்டினால் வலிப்புவரை போகலாம். வேறு கம்பனி மா வாங்கினால் பழைய கரண்டியை எறிந்துவிடுங்கள், டின்னுக்கு டின் கரண்டி அளவு மாறும். ஒவ்வாமைக்கோ குறைமாதத்துக்கோ வைத்தியர் எழுதிய மா என்றால், பாமசியில் நிற்கிற தம்பி காட்டுவதை வாங்காமல் வைத்தியரையே கேளுங்கள். தாய்ப்பாலும் கொடுப்பவர்கள் இந்த நேரத்தில் அடிக்கடி கொடுத்துப் பார்க்கலாம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் உதவுவார்.

இலக்கம் பொருந்திய டின்னைக் குப்பையில் போட வேண்டாம். மூடி, பையில் கட்டி, பில்லோடு தனியாக வையுங்கள். வாங்கிய கடைக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். கடைக்காரர் தட்டிக்கழித்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு போன் எடுங்கள்.

இந்த மாவைக் குடித்த குழந்தை விடாமல் வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் இருக்கிறது, பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது டின்னையும் எடுத்துப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் பால் கொடுத்தீர்கள், அதற்கு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கியது என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதற்றத்தில் அது ஞாபகம் வராது.