குரூப் 4-க்கு விண்ணப்பித்த பிறகு கோட்டை விடும் இடங்கள்

இளநிலை உதவியாளர், விஏஓ போன்ற அரசு வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பத்தை அனுப்பியதும் பெரும்பாலானவர்கள் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் நல்ல மார்க் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி பகலாகப் படித்த ஒருவருக்கு ஒரு காகிதத்தால் வேலை போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓடிஆர். 150 ரூபாய் கட்டிச் செய்யும் ஒருமுறைப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதைச் செய்துவிட்டாலே தேர்வுக்கு விண்ணப்பித்ததாக ஆகாது. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணச் சலுகை இல்லாதவர்கள் தேர்வுக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும்.

கடைசித் தேதிக்குச் சில நாள் கழித்து, திருத்தம் செய்ய மூன்று நாள் தருகிறார்கள். 2025-ல் மே 24-ஆம் தேதியோடு விண்ணப்பம் முடிந்தது, மே 29 முதல் 31 வரை திருத்தத்துக்கு விட்டார்கள். பிரவுசிங் சென்டரில் வாயால் சொல்லி விண்ணப்பித்தவர்கள் இந்த மூன்று நாளைத் தவறவே விடக்கூடாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அப்புறம் மாற்றச் சொல்லிக் கேட்டால் கேட்க மாட்டார்கள்.

இனி சான்றிதழ்கள். இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். ‘ரிசல்ட் வரட்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்ற நினைப்புதான் காரணம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பத்தாம் வகுப்பு படித்த பள்ளியில் மட்டும், தமிழ்வழியில் படித்ததற்கான பிஎஸ்டிஎம் சான்றிதழ் வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. தொடக்கப் பள்ளி வேறு ஊரில் என்றால் அங்கேயும் போய் வாங்க வேண்டும், அதுவும் ஆணையம் சொன்ன படிவத்தில். கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம். பள்ளி நடக்கும்போதே போய்விடுங்கள்.

திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். மாமியார் வீட்டு முகவரியில் புதிதாக விண்ணப்பிக்கும்போது இது எளிதில் தவறிப்போகிறது. ஆதரவற்ற விதவை என்று குறிப்பிட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடமிருந்து அதற்கான சான்றிதழ் வேண்டும். வட்டாட்சியர் தரும் சாதாரண விதவைச் சான்றிதழ் போதாது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது, துறையின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும்.

ஹால் டிக்கெட் தபாலில் வராது, இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அது வராமல் போனால் ஆணையம் பொறுப்பேற்காது. தேர்வறையில் கருப்பு மைப் பேனா மட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். சுத்தமாகத் தெரியாவிட்டால், ‘விடை தெரியவில்லை’ என்று குறிக்க விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் இருக்கிறது. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

தேர்வு முடிந்து சில நாளில் உத்தேச விடைக்குறிப்பு வரும். ஒரு விடை தவறென்று பட்டால் ஒரு வாரத்துக்குள், ஆதாரத்தோடு, இணையவழியில் மட்டுமே ஆட்சேபிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் மார்க் ஏறாது.

பிறகு நீண்ட காத்திருப்பு. 2022 ஜூலை 24-இல் நடந்த தேர்வின் முடிவு 2023 மார்ச் 24-இல்தான் வந்தது. அந்த முறை 7,301 என்று அறிவித்த பணியிடங்கள் பிற்பாடு பத்தாயிரத்தைத் தாண்டின. ஆகவே யூடியூபில் யாரோ சொல்லும் கட் ஆஃபை நம்பி முன்கூட்டியே மனம் உடைந்துபோகாதீர்கள்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்களும் வருவார்கள். குரூப் 4-க்கு நேர்காணலே கிடையாது, பணம் கொடுத்துப் பேச அங்கே யாரும் இல்லை. 2019 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையை வைத்து நடந்த முறைகேட்டில் சிக்கிய 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை செய்யப்பட்டார்கள்.

முடிவு வந்ததும் சான்றிதழ்களை முதலில் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், அப்புறம் சென்னையில் அசல் சரிபார்ப்பும் கலந்தாய்வும். இடங்களைவிட அதிகம் பேரைத்தான் அழைப்பார்கள். அழைப்பு வந்த சந்தோஷத்தில் இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். பணி நியமன ஆணை கையில் வந்த பிறகு ராஜினாமா கடிதம் எழுதினால் போதும்.