பாரா டிரஸ்ஸேஜ் போட்டிக்குத் தயாராவது எப்படி?

டிரஸ்ஸேஜ் என்பது குதிரையை வகுத்துவைத்த அசைவுகளின்படி ஓட்டிக் காட்டும் போட்டி; பாரா டிரஸ்ஸேஜ் மாற்றுத்திறனாளிகளுக்கானது. டிரஸ்ஸேஜ் அரங்கில் நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது குதிரையின் நடையையும் அதன் இணக்கத்தையும்தான். உங்கள் கை நடுங்குகிறது, கால் தொங்குகிறது என்பதற்காகத் தனியாக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் அந்த நடுக்கம் கடிவாள வார் வழியாகக் குதிரையின் வாயை எட்டிவிட்டால் தலை ஆடும், முதுகு இறுகும், நடையின் தாளம் கெடும். மதிப்பெண் போவது அங்கேதான். ஆகவே சேணம், சாதனங்கள், குதிரை, பயிற்சி எதுவானாலும் உங்கள் உடலின் தடுமாற்றம் குதிரையைத் தொந்தரவு செய்யாதபடி அமைத்துக்கொள்வதே தயாரிப்பின் மையம்.

இது நடக்கக்கூடியதுதான். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவே பிறர் உதவி வேண்டியிருந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மற்றவர்களுடன் சரிசமமாகப் போட்டியிட்டு வெள்ளி வென்றார். பாராலிம்பிக்கில் இந்தப் போட்டி 1996 அட்லாண்டாவில் தொடங்கியது.

முதலில் வகைப்பாடு

கிரேடு 1 முதல் 5 வரை உண்டு. பாதிப்பு மிக அதிகமானவர்களுக்குக் கிரேடு 1. அதில் சாதாரண நடை (வாக்) மட்டும்தான். 2, 3 கிரேடுகளில் நடையோடு டிராட் என்னும் துள்ளுநடை சேரும். 4, 5 கிரேடுகளில் மெல்லோட்டமான கேன்டரும் வரும். முதல் மூன்றுக்கு அரங்கின் அளவு 20×40 மீட்டர், மற்ற இரண்டுக்கும் 20×60. 2017க்கு முன்பு கிரேடுகள் 1அ, 1ஆ, 2, 3, 4 என்று இருந்தன. பழைய வீடியோ பார்த்துப் பழகுபவர்கள் இதை மறக்கக் கூடாது: அன்றைய கிரேடு 2தான் இன்றைய கிரேடு 3.

பரிசோதனை குதிரை மேல் நடப்பதில்லை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ உங்களைப் படுக்கையிலும் நாற்காலியிலும் வைத்துத் தசை வலிமை, மூட்டு அசையும் அளவு, ஒருங்கிணைப்பு மூன்றையும் அளப்பார்கள். பாதிப்பு நிரந்தரமானதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வலி மட்டுமோ காது கேளாமை மட்டுமோ இருந்தால் சர்வதேசப் போட்டியில் தகுதி கிடைக்காது. ஸ்கேன் அறிக்கைகள், மருத்துவர் கடிதம், மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். தசை இறுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அன்றும் வழக்கம்போலவே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் தங்களை அறியாமலே அன்று "நன்றாகச் செய்து காட்ட" முயல்கிறார்கள். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டும் வலிமை அரங்கில் கடைசிவரை நிற்காது. கிரேடு மட்டும் ஒரு படி ஏறிவிடும். வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவதோ தண்டனைக்குரிய குற்றம். உள்ளதை உள்ளபடி காட்டுங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு எளிய நுழைவாயில் ஆர்டிஏ. 1969இல் தொடங்கிய இந்த மாற்றுத்திறனாளிகள் குதிரையேற்ற அமைப்பு, உள்ளூர்க் குழுக்களில் கற்றுக்கொடுத்து, வட்டாரப் போட்டிகள் வழியாக ஹார்ட்பரியில் நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப் வரை கொண்டுபோகிறது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அங்கே சில பருவங்கள் ஆடிவிட்டுச் சர்வதேச வகைப்பாட்டுக்குப் போவது நல்லது.

உதவிச் சாதனங்கள்

உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சாதனங்கள் வகைப்பாட்டுப் பதிவில் எழுதப்பட்டிருக்கும். அதில் இல்லாத ஒன்றோடு அரங்கில் இறங்கினால் போட்டியிலிருந்து நீக்கப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: விழுந்தால் உடல் குதிரையை விட்டு உடனே விலகிவிட வேண்டும். எதுவும் உங்களைச் சேணத்தோடு கட்டிப்போடக் கூடாது.

விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்கு வளையம் தைத்த வார் உதவும். ஒற்றைக் கையால் ஓட்டுபவர்களுக்கு இரு வார்களையும் இணைக்கும் குறுக்குத்தண்டு உண்டு. வளையத்தைக் கடையில் தைத்த இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். குதிரையை நேராக நிறுத்தி, வார் தொய்வின்றி அதன் வாயோடு லேசான தொடர்பில் இருக்கும்போது உங்கள் கை தானாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். முதல் வளையம் அங்கே. பின்னால், வாரின் நுனிப் பக்கமாக இன்னொன்று கட்டாயம் வேண்டும். தளர்நடையில் குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்ட வேண்டும். அதற்கு வார் நீளாவிட்டால் குதிரை எப்படி நீட்டும்? பல டெஸ்டுகளில் (அரங்கில் செய்து காட்ட வேண்டிய அசைவுத் தொகுப்புகளில்) தளர்நடை மதிப்பெண் இரட்டிப்பாகக் கணக்கிடப்படுவதால், ஒற்றை வளையத்தோடு போகிறவர்கள் இழப்பது கொஞ்சமல்ல.

கால் வேலை செய்யாதவர்களுக்கு இரண்டு சாட்டைகள், பக்கத்துக்கு ஒன்றாக, கால்களுக்குப் பதில் நிற்கும். குதிரைக்கு இதைத் தரையிலிருந்தே கற்றுக்கொடுங்கள்: சேணப்பட்டைக்குச் சற்றுப் பின்னால், கால் படும் இடத்தில் லேசான தொடுதல், அது நகர்ந்த கணமே நிறுத்தம். கை நடுங்குபவர்களுக்கு நீளமான, வளையும் சாட்டை ஆகாது. கேட்காத நேரத்தில் நுனி தட்டிக்கொண்டே இருக்கும், சில வாரங்களில் குதிரை எல்லாத் தொடுதலையும் அலட்சியம் செய்யும். குட்டையான, விறைப்பான சாட்டையைத் தொடைமேல் சாய்த்துப் பிடியுங்கள்.

இறுக்கத்தால் பாதம் முன்னே எகிறினால் அங்கவடியிலிருந்து சேணப்பட்டைக்கு மெல்லிய எலாஸ்டிக் போடலாம். விழும்போது அறுந்துவிடும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். வியர்வையில் ஊறி விறைத்துப்போனதைத் தூக்கி எறியுங்கள்.

குதிரையைத் தேர்ந்தெடுப்பது

பெரிய, அலைபோன்ற அசைவு பார்க்க அழகு. ஆனால் இடுப்புக்கு மேல் கட்டுப்பாடு குறைந்தவரை அதே அசைவு ஒவ்வோர் அடியிலும் தூக்கிப்போடும். அவர் வாரைப் பிடித்துச் சமநிலை தேடுவார். பெருமூளை வாதம் உள்ள பலருக்கு உட்தொடைத் தசை இறுகும். முதுகு அகலமான குதிரை தொடைகளை விரிக்க விரிக்க அந்த இறுக்கம் கூடும். குறுகிய உடல், சீரான நான்கு தாள நடை, நிறுத்தினால் நிற்கும் பொறுமை ஆகிய மூன்றும் முதலில். கிரேடு 1க்கு நடைதான் எல்லாமே. பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மணலில் பாருங்கள். பதற்றமானால் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகர ஆரம்பிக்கும் குதிரையை, எவ்வளவு சாதுவாக இருந்தாலும், கிரேடு 1க்கு எடுக்காதீர்கள்.

ஏறுதலும் உடலும்

குதிரையில் ஏற உதவும் சாய்தளத்தின் உயரம் உங்கள் இருக்கை சேணத்துக்குச் சமமாக, அல்லது ஒரு கையகலம் மேலே வரும்படி இருக்கட்டும். ஒருவர் குதிரையின் முன்னால், இன்னொருவர் எதிர்ப்பக்க அங்கவடியை அழுத்திப் பிடித்தபடி. அந்த எதிர் அழுத்தம் இல்லாவிட்டால் சேணம் இழுபடும், குதிரைக்கு வலிக்கும்; மறுமுறை அது சாய்தளத்தை விட்டு விலகி நிற்கும். ஏறுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் தசைகளை நீட்டுங்கள். குளிரில் இறுக்கம் கூடும் என்பதால் கடைசி நிமிடம் வரை கால்மேல் போர்வை இருக்கட்டும்.

தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் ஜெல் இருக்கை விரிப்பு போட்டு, இறங்கியதும் கண்ணாடி வைத்துப் புட்டத் தோலைப் பாருங்கள். சிவப்பு உடனே மறையாவிட்டால் அது ஆறும்வரை சவாரி வேண்டாம். ஏறுமுன் சிறுநீர்ப் பை காலியாக இருக்கட்டும். டி6 (ஆறாவது மார்பு முள்ளெலும்பு) அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு நிறைந்த சிறுநீர்ப்பையே இரத்த அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றிவிடும். கீழுடல் வியர்க்காது என்பதால் வெயில் நாளில் கோட்டைக் கடைசியில் போட்டால் போதும்.

ஊக்கமருந்து விதி உங்களுக்கும் உண்டு, குதிரைக்கும் உண்டு. உங்கள் மருந்துக்கு விலக்குச் சான்று தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கையில் வலி நிவாரணி தடவிக்கொண்டு அதே கையால் குதிரைக்குத் தின்பண்டம் ஊட்டினால் குதிரையின் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளலாம்.

அரங்கில்

வடிவங்களைத் துல்லியமாகப் போடுவதற்கு உடல் வலிமை தேவையில்லை, கணக்குத்தான் தேவை. இலவசமாகக் கிடைக்கும் மதிப்பெண் இது. அரங்கில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் இருக்கும். 20×40 அரங்கில் ஏ எழுத்திலிருந்து 20 மீட்டர் வட்டம் தொட வேண்டிய புள்ளிகள் நான்கு: ஏ, நடுவில் எக்ஸ், இரு நீளப் பக்கங்களிலும் மூலையிலிருந்து 10 மீட்டரில் ஒவ்வொன்று. கே, எஃப் எழுத்துகள் மூலையிலிருந்து 6 மீட்டரில் இருப்பதால், பக்கவாட்டுப் புள்ளி அவற்றைத் தாண்டி 4 மீட்டர். எழுத்தையே தொட்டுத் திரும்பினால் வட்டம் முட்டையாகும். மூலைக்குள் நுழைந்தால் சதுரமாகும். பயிற்சியில் நான்கு புள்ளிகளிலும் கூம்பு வைத்துப் பழகுங்கள்.

பார்வையற்றவர்களுக்கு எழுத்தைக் குரல் கொடுத்துச் சொல்ல ஆட்கள் உண்டு. எழுத்தின் பெயரை மட்டுமே சொல்லலாம். "இடது, இன்னும் கொஞ்சம்" என்றால் வெளி உதவியாகிவிடும், போட்டியே போய்விடும். நடுவருக்கு வணக்கம் சொல்ல வாரை விட வேண்டாம், தலையசைப்பு போதும். தனியே இருந்தால் மிரளும் குதிரைக்குத் துணையாக இன்னொரு குதிரையை அரங்கின் அருகே நிறுத்த அனுமதி கேட்கலாம்.

இசைக்கு ஆடும் ஃப்ரீஸ்டைலில் பாட்டை முதலில் தேர்ந்தெடுத்துக் குதிரையை அதற்குள் அடைக்காதீர்கள். வீடியோ எடுத்து, ஒரே முன்னங்கால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். நடையில் 50 வந்தால் நிமிடத்துக்கு 100 தாளம் உள்ள இசை பொருந்தும். சிங்கப்பூரின் லாரன்ஷியா டான் காது கேளாதவர். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் (குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன) தன் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த அவர், இசைக்கு ஆடும் இதே ஃப்ரீஸ்டைலிலும் வெண்கலம் வென்றார்.

முடிந்ததும் மதிப்பெண் தாளை வாங்கி, பத்துக்கு 6க்குக் கீழே வந்த இடங்களை வீடியோவோடு ஒப்பிடுங்கள். வட்டம் தவறியதா, தாளம் கெட்டதா என்று பிரித்து எழுதுங்கள். தாளம் கெட்ட இடங்களில் அந்த நொடி உங்கள் கை என்ன செய்தது என்று நிறுத்திப் பாருங்கள். அடுத்த வாரம் மாற்ற வேண்டிய வளையமோ எலாஸ்டிக்கோ பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.